சம்பந்தி உட்கார்ந்து வந்த தொட்டி

இந்த ஹெல்மெட்டைத்தானே பார்க்கிறீர்கள்? பரவாயில்லை, பாருங்கள். ஏறியதிலிருந்து கண்டக்டர் உட்பட எல்லாரும் பார்த்தாகிவிட்டது. பஸ்ஸில் போகிறவனுக்கு ஹெல்மெட் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். நான் பஸ்ஸில் போகிற ஆள் இல்லை, சொந்த வண்டி வைத்திருப்பவன், இன்றைக்கு மட்டும்தான் இப்படி என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக மடியில் வைத்திருக்கிறேன். ஐந்து வாரமாக இன்றைக்கு மட்டும்தான்.

மன்னார்குடி வரைக்குமா நீங்கள்? நல்லது. நானும் அங்கேதான். ஒரு விஷயம் சொல்கிறேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை நீங்கள் சொல்ல வேண்டும். தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்று என் பக்கம் சாய்கிறார்கள், அல்லது சம்பந்தி பக்கம் சாய்கிறார்கள். பெரும்பாலும் சம்பந்தி பக்கம்.

என் பெயர் அமிர்தலிங்கம். திருத்துறைப்பூண்டி. ஐம்பத்தேழு முடிந்துவிட்டது. வாய்க்காலில் மதகு திறந்து மூடுகிற அரசாங்க வேலை, முப்பது வருடம். ஒரு வயலைப் பார்த்ததும் தண்ணீர் எங்கே சேரும், எந்த மூலையில் வடியும் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் இதை நான் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் ஒளித்து வைத்துக் கதை சொல்லக்கூடாது அல்லவா.

எனக்கு ஒரே மகள், கௌசல்யா. மன்னார்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வைரக்கண்ணுவின் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். கௌசி மாமனார் வீட்டில்தான் இருக்கிறாள். ஒன்பதாம் மாதம் வந்தது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து தலைப்பிரசவம் பார்ப்பது முறை. இதில் பேச ஒன்றுமே இல்லை. நான் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். கட்டிலுக்குக் கால் மாற்றிவிட்டேன். அப்போது சம்பந்தி போனில் ஒரு வார்த்தை போட்டார்.

"மழைக்காலம் பாருங்க சம்பந்தி. ரோடு எப்படி இருக்குன்னு ஒரு தடவை வந்து பாத்துட்டு, அப்புறம் முடிவு பண்ணிக்கலாமே."

முடிவு பண்ணிக்கலாமே. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன், ருசிக்கவில்லை. வளைகாப்புக்கு எட்டு நாள் இருந்தது. பெண் வருவாளா மாட்டாளா என்பது இவர் ரோட்டைப் பார்த்து என்ன சொல்கிறார் என்பதில் இருக்கிறது. என் மனைவி மங்கை, "அவரு கேக்கறதுல என்னங்க தப்பு" என்றாள். தப்பு இல்லை. அதுதான் வருத்தம். தப்பு இருந்தால் கோபப்படலாம்.

சம்பந்தி நல்ல மனுஷர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கேட்டவர்கள் எல்லாரும் கடைசியில் இதை என்னிடம் சொல்கிறார்கள், ஏதோ நான் மறுத்த மாதிரி. ஆள் நல்ல உயரம். உயரத்துக்கு ஏற்ற உடம்பு, கொஞ்சம் கூடவே. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவரும் நானும் ஒருவரை ஒருவர் 'சம்பந்தி' என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வருடத்தில் ஒரு தடவை கூட அவர் என்னிடம் 'இல்லை' என்றோ 'வேண்டாம்' என்றோ சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. நிச்சயதார்த்தத்தன்று அவர் வீட்டுக் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. நான் இரண்டு டம்ளர் குடித்தேன். இரண்டாவதைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். அவர் என் வீட்டுக்கு வந்தபோது கரண்ட் போய் அரை மணி நேரம் நின்ற காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, "காத்து நல்லா வருது சம்பந்தி" என்றார். சம்பந்தி வீட்டில் ஒரு குறை சொன்னால் அந்தக் குறை சுற்றிச் சுற்றிக் கடைசியில் பெண் தலையில் வந்து உட்காரும். இரண்டு பேருக்கும் அந்தப் பயம் உண்டு. நாங்கள் பயந்து பயந்து பழகுவதை வெளியில் இருப்பவர்கள் மரியாதை என்பார்கள்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

என்னிடம் இருப்பது பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள். சைடு கார் என்பார்களே, அது. மூன்று சக்கரம். காரைக்காலில் ஒரு போட்டோக்காரரிடம் இருந்தது. அவர் கேமராவையும் லைட்டையும் அதில் வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்குப் போவாராம். ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கினேன். எங்கள் ஊரில் தொட்டி வண்டி என்றால் தெரியும். மங்கை அதில் ஒரே ஒரு முறை ஏறினாள். இறங்கியபோது ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது, அவ்வளவு திருப்தி.

இதே வண்டியில் சம்பந்தியை மன்னார்குடியிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவோம் என்று முடிவு செய்தேன். இருபத்தெட்டு கிலோமீட்டர். தொட்டிலில் வந்த மாதிரி வந்து இறங்கினால் ரோட்டைப் பற்றி அவர் என்ன சொல்ல முடியும்?

"கார் ஒண்ணு பேசுங்களேன்" என்றாள் மங்கை.

"காரில் வந்தால் காரின் சௌகரியம்தான் தெரியும். ரோட்டின் சௌகரியம் தெரியாது" என்றேன். இது எனக்கே கொஞ்சம் ஆழமாகப் பட்டது.

மூன்று ஏற்பாடு செய்தேன். மூன்றுமே அவர் சௌகரியத்துக்காக. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதல் ஏற்பாடு. தொட்டியின் அடியில் எலுமிச்சம்பழம் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. போகும்போது அது வழியாகப் புழுதியும் சேறும் காலில் அடிக்கும். வெள்ளை வேட்டிக்காரர். அதனால் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி அடித்து, மேலே தார் காய்ச்சி ஊற்றி அடைத்துவிட்டேன். உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிச் சோதித்தும் பார்த்தேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அப்போது எனக்குச் சந்தோஷம்தான். கீழிருந்து ஒன்றும் மேலே வராது என்ற ஒரு பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் மதகில் நின்றவன்.

இரண்டாவது, இலவம்பஞ்சு மெத்தை. தொட்டிக்கு அளவெடுத்து, அழுத்தமாக அடைத்துத் தைத்தது.

மூன்றாவது, தார்ப்பாயில் ஒரு மேல்மூடி. தொட்டியின் வாய் முழுவதையும் மூடும். நடுவில் ஆளின் தோளும் தலையும் வெளியே வர ஒரு வட்டம். சுற்றிலும் பதினான்கு பட்டன். பட்டன் எல்லாம் வெளிப்பக்கம்.

"உள்ள உக்காந்திருக்கிறவரு எப்படி சார் வெளிய வருவாரு?" என்று தையல்காரர் கேட்டார்.

"நான் இருக்கிறேனே, நான் கழற்றிவிடுவேன்" என்றேன். ஒரு பெரிய மனிதரைத் தானாகப் பட்டன் போட்டுக்கொள்ள விடுவதா?

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு மன்னார்குடியில் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கிழக்கே கொஞ்சம் இருட்டிக்கொண்டிருந்தது. கௌசி வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மாமா பஸ்ல வரட்டுமே."

"நீ சும்மா இரும்மா. மாமாவுக்கு என்னென்ன செஞ்சு வச்சிருக்கேன்னு தெரியுமா?"

சம்பந்தி ஒரு பையில் இரண்டு சீப்பு வாழைப்பழமும் நாலு முழம் பூவும் வைத்திருந்தார். அதோடும் ஒரு குடையோடும் ஏறி உட்கார்ந்தார். மெத்தை இறுக்கம், தொட்டி இறுக்கம், அவரும் கொஞ்சம் இறுக்கம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொண்டன. பதினான்கு பட்டனையும் நானே போட்டுவிட்டேன்.

"சௌகரியமா சம்பந்தி?"

"ரொம்ப சௌகரியம் சம்பந்தி."

இது ஒன்று. அன்றைக்கு நான் மொத்தம் பதினோரு தடவை கேட்டேன். பதினோரு தடவையும் சௌகரியம் என்றுதான் சொன்னார். எண்ணி வைத்திருக்கிறேன். யாரும் பிற்பாடு என்னைக் கேட்கவே இல்லை என்று சொல்லிவிடக்கூடாது.

ஊரைத் தாண்டிய ஐந்தாவது நிமிடம் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை. ஐப்பசி மழை உங்களுக்கும் தெரியும், எதிரே வருகிற பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் பஸ் என்று தெரிந்தது. நான் ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டிருந்தேன். சம்பந்தி ஒரு கையை வட்டத்துக்குள்ளிருந்து மெதுவாக வெளியே இழுத்துக் குடையை விரித்தார். குடை ஒரு தடவை மேல்பக்கமாக மடங்கியது. பிறகு அது எங்களோடு வரவில்லை.

"நிப்பாட்டட்டுமா சம்பந்தி?"

"எதுக்கு? நல்லா இதமா இருக்கு."

மனுஷர் மழையை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். தார்ப்பாயில் விழுந்த மழையெல்லாம் நடுவில் குழியாகச் சேர்ந்து, அந்த வட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இதை நான் பார்த்தேன். ஆனால் அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. இதைப் பற்றி நான் பிற்பாடு நிறைய யோசித்தேன். ராத்திரி எழுந்து உட்கார்ந்துகூட யோசித்திருக்கிறேன். பார்த்தது பார்த்ததுதான். ஏன் யோசிக்கவில்லை?

பதில் இதுதான் என்று நினைக்கிறேன். நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி இடது பக்கம் இழுத்தது. தொட்டி இருப்பது இடது பக்கம். கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் இழுவை கூடிக்கொண்டே போனது. நான் ஹாண்டிலை வலது பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேதான் நேராகப் போக முடிந்தது. சம்பந்தி கனமான ஆள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு கனமா என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே, சே, பெண் கொடுத்த இடத்தில் இப்படி நினைக்கலாமா என்று வந்தது. அதனால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடக் கூச்சமாக இருந்தது. நான் எடையை நினைத்துப் பார்க்கிறேன் என்று அவர் கண்டுபிடித்துவிட்டால்?

எதிரே வந்த லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியது. மொத்தத் தண்ணீரும் பாய்போல எழுந்து வந்து எங்கள் மேல் படுத்தது.

"சௌகரியமா சம்பந்தி?"

வாயிலிருந்து எதையோ துப்பினார். "சௌகரியம்" என்றார்.

இது ஐந்தாவது.

கோட்டூர் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். இறங்கி வாருங்கள், பட்டனைக் கழற்றுகிறேன் என்றேன். அவர் அவசரமாக, "இங்கயே குடிச்சிடறேன் சம்பந்தி, இப்பத்தான் உக்காந்த இடம் சூடாச்சு" என்றார். இதையும் நான் நம்பினேன். உட்கார்ந்த இடம் சூடாவது இயற்கைதானே.

டீக்கடைக்காரர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தார். கொடுத்தவர் வட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார். சம்பந்தி அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டி மெதுவாகத் தலையை ஆட்டினார். சர்க்கரை போதும் என்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கடைக்காரர் திரும்பி வந்து என் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"அய்யா ஏதாச்சும் வேண்டுதலா?"

"என்ன வேண்டுதல்?"

"இல்ல, இடுப்பளவு தண்ணியில நின்னு வேண்டிக்குவாங்க. உக்காந்து வேண்டிக்கிறதை இப்பத்தான் பாக்கறேன்."

மழை இரைச்சலில் இந்த ஆள் ஏதோ உளறுகிறான் என்று நினைத்தேன். பெரிய மனிதர்களிடம் விளையாடுகிறான் என்று கொஞ்சம் கோபம்கூட. டீ நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த டீ நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கடைக்காரரிடம் ஒருநாள் போய் இதைச் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு வாய்க்கால் பாலம் வந்தது. பாலம் என்று ஒரு நம்பிக்கைதான். ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளில் வந்தவர்கள் எல்லாம் இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீரைப் பார்த்து ஆழம் சொல்கிறவன் நான். ஒரு முழம்தான் என்று கணக்குப் போட்டு இறங்கினேன். கணக்குச் சரி, ஒரு முழம்தான். ஆனால் நான் கணக்குப் போட்டது எனக்கு. தொட்டி அதைவிடத் தாழ்வு. வேகம் எடுத்துப் போனதில் தண்ணீர் தொட்டியின் மூக்கில் ஏறி, தார்ப்பாய்க்கும் தகரத்துக்கும் நடுவே உள்ளே போனது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் ஓட்டியதற்காக என்று நினைத்துக் கையைக் காட்டினேன். சம்பந்தியும் காட்டினார். இப்போது யோசித்தால் அவர் கையைக் காட்டியது வேறு எதற்காகவோ.

"சௌகரியமா?"

"கொஞ்சம் சீக்கிரம் போயிட்டா இன்னும் சௌகரியம் சம்பந்தி."

வீட்டு வாசலில் நிறுத்தும்போது மணி பதினொன்றே கால். மழை கொஞ்சம் விட்டிருந்தது. மங்கை செம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே நம் வழக்கம்.

"வாங்கண்ணே. முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க."

சம்பந்தி அந்தச் செம்பை ஒரு நிமிடம் பார்த்தார். நான் அந்தப் பார்வையை மறக்கவில்லை. பிறகு வாங்கி, அண்ணாந்து, முழுவதையும் குடித்தார். "நல்ல தண்ணிம்மா" என்றார்.

நான் பட்டன்களைக் கழற்றினேன். பதினான்காவதைக் கழற்றியதும் தார்ப்பாய் தானாக மேலெழும்பி ஒரு பக்கம் ஒதுங்கியது.

நெஞ்சு வரைக்கும் தண்ணீர். அதில் இரண்டு சீப்பு வாழைப்பழம். நாலு முழம் பூ சுருள் பிரிந்து அவர் கழுத்தைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது. நடுவில் சம்பந்தி, கண்ணை நேராக வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

மங்கை செம்பைக் கீழே போட்டாள். "என்னங்க இது. மனுஷனைத் தெப்பம் விட்டுக் கொண்டாந்திருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் சம்பந்தி. "வெளிய இருந்த மழைக்கு இது எவ்வளவோ மேல்."

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இலவம்பஞ்சு தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்கு ஊதி, அவரை நாலு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு கையைப் பிடித்து இழுத்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வந்து இழுத்தார்கள். கடைசியில் வண்டியோடு சேர்த்து ஒருக்களித்துச் சாய்த்தோம். முதலில் தண்ணீர் வந்தது, அப்புறம் வாழைப்பழம் வந்தது, ஒரு செருப்பு வந்தது, ஒரு தவளை வந்தது. கடைசியாகச் சம்பந்தி வந்தார், மெத்தையோடு.

எழுந்து நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்து, "நல்ல வண்டி சம்பந்தி" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அன்றைக்கு அழாத குறை. எல்லாம் போயிற்று, பெண் வரப்போவதில்லை என்று நினைத்தேன். என் வேட்டியை அவருக்குக் கட்டக் கொடுத்தேன். அது முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அதோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பரிமாறிக்கொண்டே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"அப்ப பாதை எப்படி சம்பந்தி? கௌசி வர்ற விஷயம்..."

கையில் இருந்த சோற்றை அவர் ரொம்ப நேரம் உருட்டினார். என்னை ஒரு தடவை பார்த்தார். வெள்ளையடித்த அறையை ஒரு தடவை பார்த்தார்.

"பாதைக்கு என்ன சம்பந்தி" என்றார். "சௌகரியமாத்தான் இருக்கு. அனுப்பி வைக்கிறேன்."

பதினோரு தடவை சௌகரியம் என்று சொன்னவர் பன்னிரண்டாவது தடவை எப்படி மாற்றிச் சொல்வார்? நான் ஜெயித்துவிட்டேன். திரும்பிப் போக வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்டேன். பஸ்ஸில் ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். எந்த பஸ்ஸில் யாரை என்று நான் கேட்கவில்லை. ஜெயித்தவன் அதெல்லாம் கேட்கக்கூடாது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கௌசி போன் செய்தாள்.

"அப்பா, மாமாவை என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. சந்தோஷமா சாப்பிட்டுட்டுப் போனாரு. உன்னை அனுப்பறேன்னு சொல்லிட்டாரு தெரியுமா?"

"அதைத்தான் கேக்கறேன். அவரை நான்தான் அனுப்பினேன்."

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு இங்க இருக்கணும்பா. டாக்டர் வீடு அடுத்த தெரு. வலி வந்தா நடந்தே போயிடலாம். இந்த மழையில நான் அங்க வந்துட்டு, நடுராத்திரி எந்த ரோட்டுல எதுல ஏறுவேன்? இதை நானே சொன்னா நீங்க நாலு மாசத்துக்கு மோட்டுவளையைப் பார்த்து யோசிச்சுக்கிட்டே இருப்பீங்க. அதனாலதான் மாமாகிட்ட, 'ரோடு சரியில்லைன்னு நீங்க சொல்லிடுங்க, பழியை நீங்க வாங்கிக்குங்க'ன்னு கெஞ்சினேன். அவரும் சரின்னாரு. நேர்ல பாக்காம சொன்னா உங்களுக்கு மரியாதைக் குறைவுன்னு பாக்க வந்தாரு. வந்த மனுஷனை ஊற வச்சு, சரின்னும் சொல்ல வச்சு அனுப்பியிருக்கீங்க. இப்ப என்கிட்ட மன்னிப்பு கேக்கறாருப்பா. 'வார்த்தை குடுத்துட்டேம்மா, பதினோரு தடவை குடுத்துட்டேன்'னு."

அப்படியானால் அவரும் எண்ணியிருக்கிறார்.

போனை வைத்துவிட்டு நான் மோட்டுவளையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், அங்கேதான் பார்க்கிறேன். என்னிடம் வேண்டாம் என்று சொல்ல என் பெண் ஒரு ஆளைத் தேடியிருக்கிறாள். அந்த ஆளும் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் அவ்வளவு பயங்கரமான ஆளா? யாரையும் ஒரு வார்த்தை அதட்டினதில்லை. அதுதான் தப்போ என்றுகூட யோசித்தேன். அதட்டுகிற அப்பாவாக இருந்தால் திருப்பி அதட்டியிருப்பாள். யோசிக்கிற அப்பாவை என்ன செய்வது?

மங்கை அவ்வளவு யோசிக்கவில்லை. "காலையில போயி அந்த மனுஷனை வார்த்தையிலேர்ந்து விடுவிச்சிட்டு வாங்க" என்றாள். வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். மறுநாள்தான் நான் ஏறிய முதல் பஸ்.

போனபோது சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். போர்வைக்குள்ளிருந்து வரிசையாக நாலு தும்மல்.

"என்ன சம்பந்தி, நேத்து நனைஞ்சதாலயா?"

"சே சே. இது போன வாரத்துலேர்ந்தே இருக்கு சம்பந்தி. மழை எனக்கு ஒத்துக்கும்."

நான் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சுலபமாக வரவில்லை. "என் வண்டி அவ்வளவு நல்ல வண்டி இல்ல சம்பந்தி."

போர்வை விலகியது. "யாரு சொன்னா? அருமையான வண்டி."

"தண்ணி நிக்குது."

"தண்ணி நிக்கறதுதான் சம்பந்தி தரம். நான் பாத்திரக்கடைக்காரன். ஒழுகினாத்தான் குறை."

"இடுக்கமா இருக்கு."

"பிடிமானமா இருக்கு."

"ரோடும் சரியில்ல."

"நான் பாக்கற அளவுக்கு ரோடு எங்க சம்பந்தி இருந்துச்சு? இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

நான் குறை சொல்லச் சொல்ல அவர் பாராட்டிக்கொண்டே போகிறார். அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், விருந்தாளி. விருந்தாளியின் வண்டியை அவர் எப்படிக் குறை சொல்வார்? சம்பந்தியம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். கௌசி நிலைப்படியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் பேசி முடிங்க. எனக்குப் பிரசவத்துக்குள்ள தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. தந்திரம் என்று பிற்பாடு மங்கையிடம் சொன்னேன். பாதி தந்திரம்தான். மீதிப் பாதியில், ஒருவேளை அவர் சரி என்று சொல்லிவிட்டால் என்ற ஆசையும் இருந்தது. உங்களிடம் மறைப்பானேன்.

"அப்ப சரி சம்பந்தி" என்றேன். "உங்களுக்கே இவ்வளவு திருப்தின்னா எனக்கு என்ன. வளைகாப்பு முடிஞ்ச கையோட கௌசியை அந்தத் தொட்டியிலயே உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிடறேன். மேல்மூடியைப் போட்டு, பட்டனையும்..."

"வேண்டாம்" என்றார்.

சம்பந்தி என்று சேர்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை. வெறும் வேண்டாம்.

மூன்று வருடத்தில் முதல் தடவை. அவர் சொன்னது அவருக்கே அப்புறம்தான் கேட்டிருக்க வேண்டும், போர்வையைத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டார். கௌசி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். போர்வையும் கொஞ்சம் குலுங்கியது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதோடு முடிந்தது. பிரசவம் மன்னார்குடியில்தான். மங்கை போய்க் கூட இருக்கிறாள், அடுத்த வாரம் நாள் சொல்லியிருக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ்ஸில் வருகிறேன். அவள் முகம் தெளிவாக இருக்கிறது. அது போதும். பெண் இருக்கிற இடத்தில் நன்றாக இருக்கிறாள், அதில் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. சம்பந்தி மேலும் இல்லை. அவர் சொன்னது சரிதான், சொல்ல வைத்ததே நான்தான்.

நான் உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த 'வேண்டாம்' கொஞ்சம் வேகமாக வந்துவிட்டதோ? நான் பட்டன் என்று சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. ஒரு மூச்சு விட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்து, கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்துவிட்டுச் சொல்லியிருந்தால் வண்டிக்கும் ஒரு மரியாதையாக இருந்திருக்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.